25 எழுத்தைக் காணோம்!

பொம்மையார்பாளையம் கடற்கரையில 25 பேர் சேர்ந்து வலை இழுக்குறாங்கன்னு வைங்க. சராசரிக் கணக்குல அவங்கள்ல ஒருத்தருக்கு இதயத்தோட ஒரு ஜீன்ல 25 எழுத்து குறைவா இருக்கும். கதை இல்ல. ஹைதராபாத் சிசிஎம்பியின் குமாரசாமி தங்கராஜ், பெருந்துறை தண்டபாணி உள்ளிட்ட குழு 2009-ல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு. இந்தியர்களில் சுமார் 4% பேரிடம் இது இருக்கு.

ஜீனின் பெயர் எம்ஒய்பிபிசி3. இதயத்தசை சுருங்கி விரியுறதைக் கட்டுப்படுத்தும் ஒரு புரதத்துக்கான குறிப்பு இதுல இருக்கு. புரதமா மாறும் பகுதிகள் எக்ஸான், நடுவுல வெட்டி எறியப்படுறவை இன்ட்ரான். காணாமப்போன 25 எழுத்தும் இன்ட்ரான்லதான்! தூக்கி எறியுற பகுதிதானே, போனா என்னன்னு நானும் நினைச்சேன். ஆனா எங்க வெட்டி எங்க ஒட்டணும்னு காட்டுற அடையாளமும் அதோட போயிடுது. செல் 33-வது எக்ஸானைத் தாண்டிக் குதிச்சு ஒட்டிடுது, புரதத்தோட வால்பகுதியே மாறிடுது. நம்ம கோடுல கமெண்ட்டை அழிச்சதும் ப்ரோக்ராம் ஓடாமப் போற மாதிரி.

இது இருக்குறவங்களுக்கு இதயம் செயலிழக்கும் வாய்ப்பு மத்தவங்களைவிட சுமார் 7 மடங்குன்னு அந்த ஆய்வு சொல்லுச்சு. பாதிப்பு பெரும்பாலும் நடுவயசுக்கு அப்புறம். அதுக்குள்ள குழந்தைங்க பிறந்துடறதால, இது தலைமுறை தலைமுறையா தங்கிடுச்சு. பலர் எந்தப் பிரச்சினையும் இல்லாம வாழ்ந்தே முடிச்சிடறாங்க. அதனால இந்த ஒரு ரிப்போர்ட்டை வச்சு யாரும் பயப்பட வேண்டாம்.

பின்ன யாருக்கு டெஸ்ட்? வீட்ல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருந்தா, இல்ல இதயத்தசை தடிச்சிருக்கு, இதயம் விரிஞ்சிருக்குன்னு டாக்டர் சொல்லியிருந்தா. அப்பவும் முதல்ல நோய் இருக்குறவருக்குத்தான் எடுக்கணும். பலரும் சறுக்குற இடம் இது. அப்பாவுக்கு நோய் இருக்க, மகன் மட்டும் டெஸ்ட் எடுத்து 'ஒண்ணும் இல்ல'ன்னு வந்தா அதுல முழு நிம்மதி கிடையாது. அப்பாவோட கோளாறு இன்னும் கண்டுபிடிக்காத ஜீன்ல இருக்கலாம். அப்பாகிட்ட தெளிவா ஒரு கோளாறு கிடைச்சா, பிள்ளைங்க ஒவ்வொருத்தருக்கும் அது வர வாய்ப்பு பொதுவா 50%. அந்த ஒரே இடத்தைப் பார்த்தாப் போதும், செலவும் குறைவு.

அப்பா உயிரோட இல்லன்னா? ஜீனுக்கு முன்னாடி ஈசிஜி, எக்கோ. இப்ப சரியா இருந்தாலும் சில வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப எடுக்கணும்.