சிறு பழக்கமும் பெருநலமும்



'நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்' என்னும் முதுமொழியை அறியாதார் நம்மிடையே இலர். ஆயினும், அச்செல்வத்தைத் தேடும் வழி யாது என வினவினால், பலர் பெருஞ்செயல்களையே நினைக்கின்றனர். 'நாளை முதல் ஒரு மணி நேரம் ஓடுவேன், இனிப்பை அறவே தொடேன்' என்று சூளுரைக்கின்றனர். ஒரு வாரம் ஓடுகிறது. மறுவாரம் மழை வருகிறது. மூன்றாம் வாரம் சூளுரை மறைந்துவிடுகிறது. குறை அவர்தம் மனவுறுதியில் மட்டும் இல்லை. தொடங்கிய முறையிலும் இருக்கின்றது.

இதனை விளக்க நமது இரப்பர் மரத்தைவிடச் சிறந்த ஆசான் இல்லை. முற்காலத்தில் பிரேசில் நாட்டுக் காடுகளில் கோடரியால் வெட்டிப் பால் எடுத்தனர்; மரங்கள் புண்பட்டுக் கெட்டன. 1888ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராகப் பொறுப்பேற்ற ரிட்லி என்பார், பழைய வெட்டின் ஓரத்திலேயே மெல்லிய பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை ஆராய்ந்து பரப்பினார். ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும். மெல்லச் சீவினால் அதே மரம் பல்லாண்டுகள் பால் தரும். மங்கில் சொட்டுச் சொட்டாகவே பால் நிறைகின்றது. உடலையும் உள்ளத்தையும் பேணும் முறையும் இத்தகையதே.

நம்மைச் சூழ்ந்துள்ள ஆபத்து

2023ஆம் ஆண்டு மலேசியத் தேசிய உடல்நல ஆய்வின்படி, 18 வயதும் அதற்கு மேலும் உடையோரில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு, நீரிழிவு எனப்படும் இனிப்புநீர் நோய் உள்ளது. அவர்களுள் பலர் நோய் இருப்பதையே அறியாதிருந்தனர். 2019ஆம் ஆண்டு ஆய்வில் இந்நோய் இந்தியரிடையே மிகுதியாகக் காணப்பட்டது. இது கண்ணையும் சிறுநீரகத்தையும் கால்களையும் தாக்கவல்லது. காலையே நம்பிப் பிழைக்கும் தோட்டத் தொழிலாளி கால் இழந்தால், அக்குடும்பத்தின் நிலை என்னாகும்? இதனை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பழக்கம் வேரூன்றுவது எவ்வாறு?

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள், 96 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்றை 2010ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒரு புதிய செயல் முயற்சியின்றித் தானே நிகழும் பழக்கமாக மாறுவதற்குச் சராசரியாக 66 நாள்கள் தேவைப்பட்டன. எளிய செயல் விரைவில் பழகியது. கடினமான செயலுக்கு நெடுநாள் ஆயிற்று. இடையில் ஒருநாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதும் தெரியவந்தது. ஆகவே, ஒருநாள் தவறினால் மனம் தளர்தல் கூடாது. மறுநாள் தொடர்தலே அறிவுடைமை.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. புதிய பழக்கத்தை, நாம் அன்றாடம் தவறாது செய்யும் ஒன்றோடு முடிச்சுப் போட்டுவிடல் வேண்டும். பல் துலக்கியபின், சாப்பிட்டபின், விளக்கணைக்கும்முன் என்று அதற்கு ஓர் இடம் குறித்துவிட்டால் மறதிக்கு இடமில்லை.

நாம் மேற்கொள்ளத்தக்க பழக்கங்கள்

முதலாவது, சீனியைக் குறைத்தல். ஒருவர் நாளொன்றுக்கு மூன்று கோப்பைத் தேநீர் அருந்துகிறார். கோப்பைக்கு மூன்று தேக்கரண்டிச் சீனி இடுகிறார் எனக் கொள்வோம். கரண்டிக்கு 4 கிராம் வீதம் 36 கிராம் ஆகின்றது. உலகச் சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வகுத்த நெறிப்படி, வளர்ந்தவர்க்கு நாள் முழுவதற்கும் 50 கிராமுக்கு மேல் கூடாது. 25 கிராமுக்குள் அடங்குதல் நன்று. அவர் கோப்பைக்கு ஒரு கரண்டியை மட்டும் குறைத்தால், ஆண்டில் 1,095 கரண்டி, அதாவது நான்கு கிலோவுக்கும் மேற்பட்ட சீனி குறையும்! மாணவர்களே, இக்கணக்கை நீங்களே போட்டுப் பெற்றோர்க்குக் காட்டுங்கள். இனிப்பான பால்டின் பாலிலும் சீனி மிகுதியாக உண்டு என்பதை மறவாதீர்.

இரண்டாவது, தட்டைப் பங்கிடுதல். நம் நாட்டுச் சுகாதார அமைச்சு 'கால், கால், அரை' என்னும் எளிய முறையைக் கற்பிக்கின்றது. தட்டில் கால் பங்கு சோறு; கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு போன்றவை; அரைப்பங்கு காய்கறியும் பழமும். வீட்டுப் புறத்தே ஒரு முருங்கை மரம் நின்றால் கீரைக்குக் காசு தேவையில்லை. முன் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்க என்னும் அறிவுரையைத் திருவள்ளுவரும் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் நமக்கு வழங்கியுள்ளார்.

மூன்றாவது, உணவுக்குப் பின் பத்து நிமிட நடை. இது இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதைக் குறைக்கும். இரவு உணவு முடிந்ததும் தந்தையும் தாயும் பிள்ளைகளும் சேர்ந்து நடக்கலாம். சிறுவர்க்கோ நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் ஓடியாடும் விளையாட்டுத் தேவை. திடலில் விளையாடும் பிள்ளையை 'நேரம் வீண்' என்று கடிதல் ஆகாது.

நான்காவது, கையையும் காலையும் பேணுதல். உண்ணுமுன்னும் கழிவறை சென்ற பின்னும் சவர்க்காரமிட்டு இருபது வினாடிகள் கை கழுவுக. இனிப்புநீர் நோயுள்ளோர் மாலையில் குளித்ததும் உள்ளங்காலை நோக்குதல் வேண்டும். இந்நோயால் காலில் உணர்ச்சி குன்றுவதால் முள் தைத்தாலும் தெரியாமற் போகலாம். சிறு புண்ணை உடனே கண்டால் பெருந்துன்பம் விலகும். வேலைக்குச் செல்கையில் காலணி கட்டாயம்.

ஐந்தாவது, உறக்கம். ஆறு முதல் பன்னிரண்டு வயதுடையோர் 9 முதல் 12 மணி நேரம் உறங்குதல் வேண்டும். காலை ஆறு மணிக்கு எழும் மாணவன் இரவு ஒன்பது மணிக்குள் உறங்கிவிடல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். படுக்கைக்கு அரைமணி முன்னதாகவே கைப்பேசியை நடுக்கூடத்தில் வைத்துவிடுவது நன்று. பெரியோரும் அவ்வாறு செய்தாலன்றிப் பிள்ளைகள் செய்யார்.

ஆறாவது, மனம்விட்டுப் பேசுதல். 2022ஆம் ஆண்டில் நம் நாட்டின் 13 முதல் 17 வயதுவரையுள்ள மாணவரிடையே நடந்த ஆய்வில், நால்வரில் ஒருவரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. நம் பிள்ளைகளும் நாளை அவ்வயதை எய்துவர். அதிகாலை இருளில் பெரட்டுக்குச் சென்று, களைத்து வரும் பெற்றோர்க்கு ஓய்வு வேண்டும் என்பதை நாம் அறிவோம். எனினும், 'இன்று உனக்கு மகிழ்ச்சி தந்தது எது? வருத்தம் தந்தது எது?' என்று உணவு வேளையில் கேட்கப் பத்து நிமிடம் போதும். விடையைக் குறுக்கிடாமல் கேட்டலே முதல் மருந்து. களைப்பையும் கவலையையும் மறக்க மதுவை நாடும் தந்தையருக்கும் இப்பேச்சே நல்ல துணையாகும். சோர்வு பல நாள் நீடித்தால் ஆசிரியரையோ மருத்துவரையோ தயங்காமல் நாடுதல் வேண்டும். அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

விடுமுறைப் பயிற்சி

மேற்கூறிய ஆறனையும் ஒருங்கே தொடங்க முயலாதீர்கள். ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் 66 கட்டங்கள் வரைந்து, சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். செய்த நாளில் ஒரு கோடிடுங்கள்; தவறிய நாளை வெறுமனே விட்டுவிட்டு, மறுநாள் தொடருங்கள். கட்டங்கள் நிறைந்தபின் இரண்டாவது பழக்கத்திற்குச் செல்லலாம்.

பெற்றோர்க்கும் ஒரு கட்டம் உண்டு: ஆண்டுக்கு ஒருமுறை அரசாங்கச் சுகாதார நிலையத்தில் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுதல். பிள்ளை தாளில் கோடிடும்போது, தாயும் தந்தையும் தத்தம் கோட்டையும் இடுவார்களாயின், அதைவிடச் சிறந்த பாடத்தை எந்தப் பள்ளியாலும் புகட்ட இயலாது.

சிறுகச் சிறுகப் பழகுவோம். நெடுங்காலம் நலமுடன் வாழ்வோம்!