ஒரு சொல்லுக்கு மட்டும் ஒயில்

மூணாறு பஜாரில் நின்று பெயர்ப் பலகைகளைப் பாருங்கள். மலையாளம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் ஒரே பலகையில் நெருக்கியடித்து நிற்கும். பல பலகைகளில் ஆங்கிலப் பெயர் மட்டும் தூரிகையால் எழுதியதுபோல் வளைந்து ஒயிலாக இருக்கும். தமிழோ கணினியில் முதலில் அகப்பட்ட எழுத்துருவில் தடித்துக் கிடக்கும். டிடிபி, பிளக்ஸ் வேலைக்குப் போக நினைக்கும் எஸ்டேட் பிள்ளைகளே, உங்களுக்கான பிழைப்பு இங்கேதான் இருக்கிறது.

இரண்டு எழுத்துருக்களோடு தொடங்குங்கள். தமிழுக்கு, இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவாணர். சாய்ந்த கையெழுத்துப் பாணி. மலையாளத்துக்கு, சந்தோஷ் தோட்டிங்ஙல் வடிவமைத்த சிலங்கா. (நம்மூர்ச் சலங்கைதான்!) இரண்டும் கூகுள் பான்ட்ஸில் இலவசம்; வாடிக்கையாளர் வேலைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். மூன்று லிபிகளையும் சேர்க்கும்போது உயரத்தைவிடக் கோட்டின் தடிமனைப் பொருத்துங்கள். மலையாளம் உருண்டை, தமிழில் நேர்கோடும் உண்டு. தடிமன் ஒத்துப்போனால் கண் உறுத்தாது.

அலங்கார எழுத்து ஒரு பெயருக்குப் போதும். கல்யாண அழைப்பிதழில் மணமக்கள் பெயர், தேயிலைப் பாக்கெட்டில் தோட்டத்தின் பெயர், அவ்வளவே. முகூர்த்த நேரம், மண்டபம், எடை, விலை, தயாரித்த தேதி எல்லாம் சாதாரண எழுத்தில்தான். தாத்தா கண்ணாடியைத் தேட வேண்டியிருந்தால் அந்த அழைப்பிதழ் தோற்றது என்றே சொல்வேன்.

ஆங்கிலத்தில் இந்தத் தூரிகை ரக எழுத்தை முழுக்கப் பெரிய எழுத்துகளில் அடிக்காதீர்கள், வாசிக்கவே முடியாது. இடைவெளியை இழுத்தால் கோர்வை அறுந்துபோகும். தமிழில் ஆபத்து புள்ளிக்கு. கரும்பச்சைப் பாக்கெட்டில் வெள்ளை எழுத்தைச் சிறிதாகப் போட்டால் மை பரவிப் புள்ளியை விழுங்கிவிடும். 'கல்' 'கல' ஆகிவிடும். ஆகவே திரையில் பார்த்து ஒப்புதல் வாங்காதீர்கள். உண்மையான அளவில் அச்செடுத்து, கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள்.

போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் கொம்பு இடம் மாறி விழுந்தால் எழுத்துருவைத் திட்ட வேண்டாம். அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். தட்டச்சை யூனிகோடிலேயே பழகுங்கள். அச்சகத்துக்கு அனுப்பும் கோப்பை மட்டும் 'கர்வ்' பண்ணி, அதாவது எழுத்துகளை வெறும் வடிவங்களாக மாற்றி, அனுப்புங்கள், மூலக் கோப்பைத் தனியே வைத்திருங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை தேதி திருத்தக்கூட வழியிருக்காது.

வேலை கேட்டுப் போகும்போது சான்றிதழோடு மூன்று மாதிரிகளையும் கொண்டுபோங்கள்: ஒரு தேயிலைப் பாக்கெட், ஒரு ஹோம்ஸ்டே பலகை, ஒரு அழைப்பிதழ். மூன்றிலும் மூன்று லிபிகள். நான்காவதாக 'நீலக்குறிஞ்சி' என்ற ஒற்றைச் சொல்லையும் எழுதிப் பழகுங்கள். அந்தப் பூ 2018-இல் பூத்தது, 12 ஆண்டுக் கணக்குப்படி அடுத்தது 2030. அப்போது இந்த மலையில் அந்தச் சொல் இல்லாத பலகை அரிதாகத்தான் இருக்கும்.