கண்ணுக்கு வைட்டமின்: அளவும் ஆபத்தும்

கோலார் தங்க வயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. அங்கு உழைத்தவர்களுள் பலர் இன்று விழித்திரை நலிவும் கண்புரையும் தலைகாட்டும் வயதினர். பார்வை மங்கியதும் மருந்துச் சீட்டு இல்லாமலே வைட்டமின் மாத்திரையை நாடுவது எங்கும் காணப்படும் வழக்கமே. ஆயினும் இவ்வூரில் அதனைத் தனியே ஆராய வேண்டியுள்ளது. தங்கம் இங்கே படிகக்கல் பாறையில் பொதிந்திருந்தது. அதன் தூசு நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் நோயை உண்டாக்கிற்று. 1940களில் ஏறத்தாழ 7,600 தொழிலாளரைச் சோதித்தபோது, பத்தில் நால்வருக்கு மேல் இந்நோய் காணப்பட்டது. படிக சிலிக்காத் தூசு புற்றுநோய் விளைவிக்கும் பொருளென்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் வகைப்படுத்தியது.

கண் மாத்திரைக்கும் நுரையீரலுக்கும் உள்ள தொடர்பு பீட்டா கரோட்டினில் இருக்கிறது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வெளியாயிற்று. புற்றுநோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கையுடன் நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் பெற்றவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது. புகைபிடிப்போரையும் கல்நார்த் தூசுக்கு ஆளான தொழிலாளரையும் கொண்டு அமெரிக்காவில் நடந்த மற்றோர் ஆய்வில், பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏயும் சேர்த்து அளிக்கப்பட்டன. அங்கும் விளைவு எதிராகவே அமைந்ததால், 1996இல் மாத்திரை வழங்குவது இடையிலேயே நிறுத்தப்பட்டது.

இதன் பின்னரும் பீட்டா கரோட்டின் கண் மாத்திரைகளில் இடம்பெற்றது. அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனத்தின் 2001ஆம் ஆண்டு ஆய்வில், இடைநிலை விழித்திரை நலிவு கொண்டோருக்கு வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின், துத்தநாகம், செம்பு அடங்கிய கலவை, நோய் முற்றும் வாய்ப்பைச் சுமார் 25 விழுக்காடு குறைத்தது. கண்புரைக்கோ அது பயன்படவில்லை. நோயே இல்லாதவருக்கு அது நோயைத் தடுக்கும் என்பதற்கும் சான்றில்லை. அதே நிறுவனம் 2013இல் வெளியிட்ட ஆய்வில், பீட்டா கரோட்டின் பெற்றவர்களுள் நுரையீரல் புற்றுநோய் கண்டோர் 2 விழுக்காடு, பெறாதவர்களுள் 0.9 விழுக்காடு. நோயுற்றோரில் மிகப் பெரும்பாலோர் புகைப்பழக்கத்தைக் கைவிட்டவர்கள் என்பதே கருதத்தக்கது. பீடியை விட்டுப் பல்லாண்டாயிற்று என்பது இங்கே காப்பாகாது. அதன்பின் பீட்டா கரோட்டினுக்கு மாற்றாக லூட்டினும் சியாசாந்தினும் சேர்க்கப்பட்டன.

அக்கலவையிலுள்ள 80 மில்லிகிராம் துத்தநாகமும் உடலுக்கு அன்றாடம் தேவைப்படும் அளவினும் பன்மடங்கு மிகுதி. சிறுநீர்ப்பாதைக் கோளாறுகள் அதனால் கூடின. அது செம்புச்சத்தைக் குறைத்து இரத்தசோகையும் விளைவிக்கும். கலவையில் செம்பு சேர்க்கப்பட்டது அதற்காகவே.

வைட்டமின் ஏயின் இயல்பு வேறு. கொழுப்பில் கரையும் இச்சத்து கல்லீரலில் தங்கும். மிகுந்தால் தலைவலியும் வாந்தியும், நாளடைவில் கல்லீரல், எலும்புக் கேடும் உண்டாகும். கருவுற்ற மகளிர் நாளொன்றுக்கு 10,000 அலகினை மீறலாகாது. மீறினால் கருவின் உறுப்புகள் பழுதுறக்கூடும். குழந்தைக் குருட்டைத் தடுக்க 1970இல் இந்தியாவில் தொடங்கிய திட்டம், ஆறு மாதத்திற்கு ஒருமுறை 2 மில்லிலிட்டரில் 2 லட்சம் அலகு வழங்கியது. அத்திட்டத்தின் பயன் பெரிது. எனினும் 2001 நவம்பரில் அசாமில், வழக்கமான கரண்டிக்குப் பதிலாக 5 மில்லிலிட்டர் கிண்ணம் பயன்படுத்தப்பட்டது. குழந்தைகள் பலர் நோயுற்றனர், சிலர் இறந்தனர். இறப்புக்குக் காரணம் வைட்டமின்தானா என்பது சர்ச்சைக்குள்ளாயிற்று. அளவுக் கருவியை மாற்றியது தவறு என்பதில் ஐயமில்லை.

முருங்கைக் கீரை, மாம்பழம் ஆகியவற்றின் கரோட்டினுக்கு இந்த அச்சம் வேண்டியதில்லை. உடல் தன் தேவைக்கேற்பவே அதனை வைட்டமின் ஏயாக மாற்றிக்கொள்கிறது.

சத்து மாத்திரைகள் பல, மருந்துச் சட்டத்தின் கீழன்றி 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் விற்கப்படுகின்றன. மருந்தாகப் பயன்படுத்துவதற்கன்று என்ற வாசகம் அவற்றின் உறையிலேயே உண்டு; பெரும்பாலும் அது சிற்றெழுத்தில், ஆங்கிலத்தில். தங்க வயலின் முதியவருக்கு உறையில் தெரிய வேண்டியது பீட்டா கரோட்டின் உண்டா என்பதே. அவரிடம் மருத்துவர் கேட்க வேண்டியவை இரண்டு: புகைபிடித்ததுண்டா, சுரங்கத்துள் எத்தனை ஆண்டு.