கணிப்பொறி கவி பாடுமா?



வெண்பா என்றாலே பலருக்குப் பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பரீட்சை ஞாபகம் வந்து காய்ச்சல் அடிக்கும். எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற நாம் பயப்படவே வேண்டாம். நேரசைக்கு 0, நிரையசைக்கு 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். தேமா 00, புளிமா 10, கூவிளம் 01, கருவிளம் 11. நம்ம ட்ரூத் டேபிளேதான்! தளை விதி என்ன? மாமுன் நிரை, விளமுன் நேர். அதாவது ஒரு சீர் 0-வில் முடிந்தால் அடுத்த சீர் 1-ல் தொடங்க வேண்டும். 1-ல் முடிந்தால் 0-வில். சாட்சாத் எக்ஸ்-ஆர் கேட்! (காய்ச்சீர் மட்டும் அடம் பிடிக்கும். காய்முன் நேர்தான் வர வேண்டும்.)

இப்படிப்பட்ட கணக்கு கணிப்பொறிக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. 2009-லேயே சென்னை ஏயு-கேபிசி ஆராய்ச்சி மையத்தின் சோபா லலிதா தேவி உள்ளிட்ட மூவர், மெட்டுக்குத் தமிழ்ப் பாட்டு எழுதும் நிரல் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். 10 மெட்டுகளைக் கொடுத்து, எங்கே குறில், எங்கே நெடில், எங்கே மெய் என்று அதற்குப் பழக்கினார்கள். அந்த அளவுக்குச் சொற்களைக் கோக்க டைக்ஸ்ட்ராவின் அல்காரிதம். ஊருக்கு ஊர் குறுக்கு வழி தேடுகிற அதே கணக்கு!

ஆனால் நம் கோவையில் 1971-ல் பிறந்த ‘வானம்பாடி’ இதழில் புவியரசு, சிற்பி போன்றோர் எழுதிய புதுக்கவிதைக்கு இந்த டேபிள் கிடையாது. கேட்டைக் கழற்றிய பிறகும் கவிதை நிற்கிறதென்றால், எதன் மேல் நிற்கிறது?

இந்த மலருக்காக, சோமனூர்ப் பக்கத்து நண்பன் ஒருவன் விசைத்தறி பற்றி எழுதிக் கொடுத்தான். நான் விளையாட்டாக அதே தலைப்பில் சாட்ஜிபிடியிடம் ஒன்று வாங்கி, பெயர் சொல்லாமல் இரண்டையும் மலர்க்குழு முன் வைத்தேன். ஐந்து பேரில் நான்கு பேர் கணிப்பொறிக்குத்தான் கை தூக்கினார்கள்! தறிச் சத்தத்தைத் தாலாட்டு என்று அது எழுதியிருந்தது. “சூப்பர் லைன்டா!”

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 2024-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஆங்கிலக் கவிதைகளை வைத்து இதே சோதனையைச் செய்தார்கள். எது மனிதன், எது இயந்திரம் என்று சரியாகச் சொன்னது 46.6 சதவீதம். காசு சுண்டினாலே 50 வருமே! சட்டென்று புரிகிறது என்பதால் இயந்திரக் கவிதைதான் பலருக்குப் பிடித்ததாம்.

நண்பனுக்கு விஷயம் தெரிந்தது. “தாலாட்டா? எங்க வீட்ல ஒரு ராத்திரி வந்து படுத்துப் பாரு!” என்றான்.

அவன் எழுதியிருந்தது இதுதான்: தறி நின்ற பிறகும் அம்மா சத்தமாகவே பேசுகிறது. கரண்ட் போன ராத்திரியில், பக்கத்தில் உட்கார்ந்து, “இன்னுங் கொஞ்சம் போடட்டுமா கண்ணு?” என்று கேட்பது தெருவுக்கே கேட்கிறது.

இந்தச் சேதியையும் கணிப்பொறியிடம் சொல்லி எழுதச் சொன்னேன். எழுதியது. நன்றாகவே எழுதியது, மறைப்பானேன்! ஆனால் அந்தச் சேதி அதற்கு என்னிடமிருந்து வந்தது. எனக்கு நண்பனிடமிருந்து வந்தது. அவனுக்கு அந்தச் சோற்றுத் தட்டின் முன்னால் வந்தது. அதைக் கேட்டு எழுத வேண்டும் என்று கணிப்பொறிக்குத் தோன்றவில்லை. தறியோடு வளராத எனக்கும் தோன்றியிருக்காது.

மறுபடி ஓட்டெடுத்தோம். நண்பனின் கவிதை இம்மலரில் வருகிறது. பெயர் மட்டும் போட வேண்டாமென்று சொல்லிவிட்டான். அம்மா படித்தால், இனிமேல் மெதுவாகப் பேச ஆரம்பித்துவிடுமோ என்று அவனுக்குப் பயம்.