குடும்பச் சுற்றுலாவும் ஒரு கொள்முதல்தான்: துருக்கிப் பயணக் கணக்கு

சீனாவிலிருந்து ஒரு கொள்கலன் பொருள் இறக்குவதற்கு முன்னர் நாம் எத்தனை கேள்விகள் கேட்கின்றோம்? டொலர் என்ன விலை, சரக்கு எப்போது வந்து சேரும், சீசனுக்கு முந்துமா பிந்துமா, பணம் எத்தனை நாள் முடங்கும் என்றெல்லாம் விசாரிக்காமல் ஒரு வியாபாரியும் கையொப்பம் இடுவதில்லை. ஆனால் அதே தொகையைச் செலவழித்துக் குடும்பத்தை முன்பின் தெரியாத ஒரு நாட்டுக்கு அழைத்துச் செல்லும்போது, மச்சானிடம் ஒரு வார்த்தை, டிக்கட் முகவரிடம் ஒரு வார்த்தை, அத்துடன் காரியம் முடிந்து விடுகின்றது.

புறக்கோட்டையில் புடைவை வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் 2023 டிசம்பரில் மனைவி, மூன்று பிள்ளைகளுடன் துருக்கி சென்று வந்தார். ஒன்பது நாட்களில் ஐந்து நகரங்கள். பிள்ளைகள் பார்த்ததை விட பஸ்ஸில் உறங்கியதே அதிகம். அதைக்கூட சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிக்க முடியாத விடயம் வேறொன்று. ஹோட்டல் செலவுக்கெனக் கடையின் நடைமுறைக் கணக்கிலிருந்து பணம் எடுத்திருந்தார். அவர் அங்கே இருக்கும்போது வாடிக்கையாளர் ஒருவரின் காசோலை திரும்பியது. அதை நம்பி இவர் கொடுத்திருந்த காசோலையும் திரும்பியது. அதுவரை 90 நாள் கடனுக்குப் பொருள் தந்த இறக்குமதியாளர் அதன் பின்னர் ரொக்கம் கேட்கின்றார். அந்தப் பயணத்தின் உண்மையான விலை இதுதான். இது எந்தச் சுற்றுலாக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை.

ஆகவே முதல் பாடம் பயணத்தைப் பற்றியதல்ல, கடையைப் பற்றியது. பயணத் திகதியைக் குறிப்பதற்கு முன்னர் காசோலைப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். நாம் இல்லாத நாட்களிலும் திரும்பி வந்து ஒரு வாரத்துக்குள்ளும் வங்கிக்கு வரவுள்ள எமது காசோலைகளின் மொத்தம் எவ்வளவு? வரவேண்டிய காசோலை ஒன்றுகூட மாறாவிட்டாலும் அவற்றைத் தாங்கும் பணம் கணக்கில் இருக்க வேண்டும். பயணப் பணத்துக்கு வேறொரு சேமிப்புக் கணக்கு ஆரம்பித்து, மாத இலாபத்திலிருந்து அதில் சேர்ப்பதே முறை. கடை முதலில் கை வைத்துச் சுற்றுலா போவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

அடுத்தது நாணயம். எமது வருமானம் ரூபாவில், செலவோ டொலரிலும் யூரோவிலும். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவளவில் இருந்தது, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. 4,000 டொலர் பயணம் என்று வைத்துக்கொண்டால், 8 இலட்சமாக இருந்த செலவு இரண்டே மாதத்தில் 14 இலட்சத்து 40 ஆயிரமாகி விட்டது. எனவே டிக்கட்டையும் ஹோட்டலையும் கடைசி மாதத்துக்கு ஒத்திப்போடாமல் முன்னரே தீர்த்துவிடுவது நல்லது. இரத்துச் செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் ஹோட்டலாகப் பார்த்து எடுங்கள்.

"லீரா விழுந்து கிடக்கின்றது, துருக்கி மலிவு" என்று சொல்வோர் உண்டு. பாதி உண்மை. 2018 தொடக்கத்தில் ஒரு டொலருக்கு 4 லீராகூடக் கிடைக்கவில்லை, 2024 முடிவில் 35 லீரா கிடைத்தது. ஆனால் விலைவாசியும் உடன் ஏறியது. 2022 அக்டோபரில் அங்கு வருடாந்தப் பணவீக்கம் 85 வீதத்தைத் தாண்டியிருந்தது. சுற்றுலாப் பயணிகளிடம் யூரோக் கணக்கில் அறவிடும் இடங்களும் உண்டு. அயா சோபியாவில் தொழச் செல்வோருக்குக் கட்டணம் இல்லை. மேல்மாடத்தைச் சுற்றிப் பார்க்கும் வெளிநாட்டவருக்கு 2024 ஜனவரியில் 25 யூரோ கட்டணம் கொண்டுவரப்பட்டது. ஆகவே 2019இல் போய் வந்தவரின் கணக்கை நம்புவது, பழைய விலைப்பட்டியலைப் பார்த்து இன்று ஓடர் கொடுப்பது போன்றது. லீராவை இங்கேயே வாங்கிச் செல்லத் தேவையில்லை. டொலர் அல்லது யூரோவாகக் கொண்டு சென்று, விமான நிலையத்தில் வாகனச் செலவுக்கு மட்டும் மாற்றிக்கொண்டு, மீதியை நகருக்குள் நாலு கடை விசாரித்து மாற்றுங்கள். விசாரிப்பது எமக்குப் புதிதல்லவே.

விசா விடயத்தில் எம்மவர்களுக்கு ஒரு பலவீனம் இருக்கின்றது. இலட்சக்கணக்கில் புரட்டுவோம், ஆனால் வங்கிக் கூற்றில் ஒன்றும் தெரியாது. விண்ணப்பத்துக்கு முதல் வாரம் பெருந்தொகை ஒன்றை வைப்பிலிட்டால் அது சந்தேகத்தையே கிளப்பும். ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விற்பனைப் பணத்தை ஒழுங்காக வங்கியில் போட்டு எடுங்கள். வியாபாரப் பதிவு, வரிக் கோப்பு ஆகியனவும் தயாராக இருக்கட்டும். விசா விதிகள் அடிக்கடி மாறுபவை. முகவரின் வாய்ச்சொல்லை விட்டுத் தூதரகத்திடமே கேளுங்கள்.

எப்போது போவது? நோன்பு மாதத்தில் எமது பாடசாலைகளுக்கு விடுமுறை, ஆனால் புடைவைக் கடைக்காரருக்கு அதுதான் அறுவடைக்காலம். டிசம்பரில் இஸ்தான்பூலில் குளிரும் மழையும். கப்படோக்கியாவில் பனி கொட்டும், ஐந்து பேருக்குக் குளிராடை வாங்கும் செலவும் சேரும். ஏப்ரல், மே, செப்டெம்பர், அக்டோபர் மாதங்கள் இதமானவை. பெருநாள் விடுமுறையில் அந்நாட்டு மக்களே குடும்பத்துடன் ஊர் சுற்றுவதால் பஸ்ஸிலும் ஹோட்டலிலும் இடம் கிடைப்பது கடினம். மூடிய சந்தையும் அப்போது பூட்டியிருக்கும்.

பாதையை வரையும்போது தூரத்தை மறக்கக் கூடாது. எமது நாட்டின் முழு நீளமே 430 கிலோமீட்டர் அளவுதான். இஸ்தான்பூலிலிருந்து கப்படோக்கியா 700 கிலோமீட்டருக்கும் அதிகம். பஸ்ஸில் ஓர் இரவு முழுவதும் போய்விடும், விமானத்தில் ஒன்றேகால் மணித்தியாலம். பத்து நாள் என்றால் இஸ்தான்பூலுக்கு ஆறு, கப்படோக்கியாவுக்கு இரண்டு, பழைய பட்டு வர்த்தக நகரான பூர்ஸாவுக்கு ஒன்று, ஓய்வுக்கு ஒன்று போதும். கப்படோக்கியாவில் வெப்பக்காற்று பலூன் காற்று பலமாக வீசினால் பறக்காது. அதனால் பலூனை முதல் நாள் காலையிலேயே பதியுங்கள், தவறினால் மறுநாள் மிஞ்சும்.

தங்குமிடத்தைச் சுல்தானஹ்மத் பகுதியில் எடுத்தால் நீலப் பள்ளிவாசலும் அயா சோபியாவும் நடை தூரத்தில். அங்கிருந்து டிராமில் மூடிய சந்தைக்கும் எமினோனு படகுத்துறைக்கும் போகலாம். உம்மா, வாப்பாவையும் அழைத்துச் செல்வோர், அந்நகரம் மேடும் பள்ளமும் கல் பாவிய தெருக்களும் கொண்டது என்பதைக் கவனிக்க வேண்டும். ஹோட்டலில் மின்தூக்கி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தொப்காபி அரண்மனைக்குச் செவ்வாயிலும் மூடிய சந்தைக்கு ஞாயிறிலும் விடுமுறை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அதே டிராம் பாதையில் லாலெலி என்று ஆடை மொத்த வியாபாரப் பகுதி ஒன்று இருக்கின்றது. எம்மவரில் எவருக்கும் அங்கே இறங்காமல் இருக்க மனம் வராது. இறங்குங்கள், ஆனால் ஒரு நாள் மட்டும், அதையும் வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு. எனது நண்பர் மூன்று நாட்கள் அங்கேயே நின்று விட்டார். கொண்டு வந்த மாதிரித் துணிகள் இன்னும் அவரது மேசையின் கீழ் கிடக்கின்றன. துருக்கி எப்படி என்று கேட்டால் அவரது இளைய மகள், "வாப்பாவைக் கேளுங்கள், எங்களுக்கு ஹோட்டல்தான் தெரியும்" என்கின்றாள்.