போதை எதிர்ப்பு விளம்பரங்களும் சமுதாய வேறுபாடுகளும்

போதைப்பொருள் எதிர்ப்பு விளம்பரம் யாரை நோக்கிப் பேசுகிறது? அதன் பலனை அளவிட விரும்புவோர் முதலில் கேட்க வேண்டிய இக்கேள்விக்குக் கொல்கத்தா நகரம் தக்கதொரு சான்றாகும்.

இந்நகருக்கும் போதைப்பொருளுக்கும் உள்ள தொடர்பு பழமையானது. பாட்னாவிலும் காஜிப்பூரிலும் பதப்படுத்தப்பட்ட அபினை ஆங்கில அரசே இங்கு ஏலம் விட்டது. வாங்கிய வணிகர் அதைச் சீனாவுக்கு ஏற்றுமதி செய்தனர். 1893இல் நியமிக்கப்பட்ட அரச அபின் ஆணையத்தின் முன் சாட்சியமளித்த அதிகாரிகளும் மருத்துவர்களுமாகப் பலர், ஐரோப்பியருக்கு மது எவ்வாறோ அவ்வாறே இந்தியருக்கு அபின் என்று வாதிட்டனர். கருவூலத்தின் வருவாயைக் காக்க இன வேறுபாடு துணைக்கு அழைக்கப்பட்டது எனலாம்.

இன வேறுபாடு வேறொரு வடிவில் அமெரிக்காவில் வெளிப்பட்டது. 1980களில் அங்கு எழுந்த ‘வேண்டாம் என்று சொல்’ இயக்கம் குடும்பங்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கனிவாக அறிவுரை கூறியது. அதே காலத்தில், 1986இல் இயற்றப்பட்ட சட்டம், 5 கிராம் ‘கிராக்’ வைத்திருந்து விற்க முயன்றவருக்கும் 500 கிராம் கோகெய்ன் தூளை அவ்வாறு வைத்திருந்தவருக்கும் ஒரே குறைந்தபட்சத் தண்டனையை விதித்தது. ‘கிராக்’ வழக்குகளில் தண்டனை பெற்றோரில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். நூறுக்கு ஒன்று என்ற இவ்விகிதம் 2010இல்தான் பதினெட்டுக்கு ஒன்றாகக் குறைக்கப்பட்டது. ஒரு சாராருக்கு விளம்பரம், மறு சாராருக்குச் சிறை!

நம் நாட்டில் இப்பிரிவினை பெரிதும் வர்க்க அடிப்படையில் அமைந்துள்ளது. பிள்ளையின் போக்கைக் கவனிக்குமாறு பெற்றோருக்கும், எதிர்காலத்தை எண்ணிப் பார்க்குமாறு மாணவருக்கும் சுவரொட்டிகள் எடுத்துரைக்கின்றன. சியால்தா, ஹவுரா நிலையங்களின் நடைமேடைகளில் உறங்கும் சிறுவனுக்கோ கவனிக்கப் பெற்றோர் இல்லை. பல வேளைகளில் எழுத்தும் தெரியாது. அவன் நாடுவது ஹெராயின் அன்று. செருப்பு ஒட்டும் பசை. பாலித்தீன் பையில் ஊற்றி முகரப்படும் அப்பசை, பசியையும் குளிரையும் சற்று நேரம் மறக்கச் செய்கிறது. கடையில் எவரும் வாங்கலாம். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் அது இல்லை. சட்டம் காணாததைச் சுவரொட்டியும் பெரும்பாலும் காண்பதில்லை.

இது சிறு பிரச்சினையன்று. 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, முகர்ந்து போதை கொள்ளும் பொருள்களைப் பயன்படுத்துவோர் 10 முதல் 17 வயதினரில் 1.17 சதவீதம், வயது வந்தோரில் 0.58 சதவீதமே. ஆய்வுக்குட்பட்ட போதைப்பொருள்களில் பெரியவர்களைவிடச் சிறுவரிடையே அதிக விகிதத்தில் காணப்பட்டது இது ஒன்றே.

படங்களையும் கவனிக்க வேண்டும். கந்தலாடை, ஒட்டிய கன்னம், குழிவிழுந்த கண் என்றே போதைக்கு அடிமையானவர் சித்திரிக்கப்படுகிறார். வசதி படைத்த வீட்டின் மாத்திரையும் மதுப்புட்டியும் அப்படத்தில் இடம்பெறுவது அரிது. நடைபாதைவாசி அதில் காண்பது தமக்கான அறிவுரையை அன்று, பிறர் அஞ்சி ஒதுங்க வேண்டிய உருவமாகத் தம்மையே.

2020 ஆகஸ்ட் 15 அன்று 272 மாவட்டங்களில் தொடங்கப்பட்ட ‘போதையில்லா பாரதம்’ இயக்கம் பள்ளி, கல்லூரிகளுக்குச் சிறப்புக் கவனம் அளித்தது. அது தேவையே. ஆனால் பள்ளியை விட்டு நின்றவரை அவ்வழியில் எட்ட இயலாது. (செலவுக் கணக்குக் காட்டச் சுவரொட்டி வசதியானது என்பதை அலுவலகப் பழக்கமுள்ளோர் அறிவர்.) நடைமேடைக்கு வேண்டியது, வங்காளியுடன் இந்தியும் பேசத் தெரிந்து, இரவு நேரத்திலும் அங்கிருக்கும் ஊழியர், ஒரு வேளை உணவு, படுக்க இடம், சிறுவரைச் சேர்த்துக்கொள்ளும் சிகிச்சை மையம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அச்சிடுவதோடு, அதை அச்சிறுவனுக்கு வாய்மொழியாகச் சொல்லவும் ஒருவர் தேவை.