கதவு வைத்த குளியல் தொட்டி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவில் பகல்நேரத் தொலைக்காட்சி பார்ப்பவர்களுக்கு இந்த விளம்பரம் பழக்கம். பக்கவாட்டில் கதவு, உள்ளே இருக்கை, கழுத்தளவு வெந்நீரில் சிரிக்கும் பாட்டி. பெற்றோரை ஊரிலிருந்து அழைத்து வந்து வைத்திருக்கும் பிள்ளைகள் சிலரும் இதன் விலை விசாரிக்கிறார்கள். பொருத்தும் கூலியோடு பல ஆயிரம் டாலர் ஆகும் என்பதால், வாங்குமுன் சிலவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

நம்பிக்கை: கதவைத் திறந்து உள்ளே போனால் உடனே குளிக்கலாம்.

உண்மை: தண்ணீர் இருக்கும்போது கதவைத் திறக்க முடியாது. ஆள் உள்ளே உட்கார்ந்து கதவை அடைத்த பிறகுதான் குழாயைத் திறக்க வேண்டும். நிறையும்வரை வெற்றுடம்போடு காத்திருக்க வேண்டும்; குளித்து முடிந்ததும் தண்ணீர் வடியும்வரை ஈரத்தோடு இன்னொரு காத்திருப்பு. இத்தொட்டிகள் பலவும் 150 முதல் 300 லிட்டர் வரை பிடிப்பவை. அமெரிக்க வீடுகளில் சாதாரணமாக இருக்கும் ஹீட்டரின் கொள்ளளவோ 150 முதல் 190 லிட்டர்தான். பெரிய தொட்டி என்றால் பாதியிலேயே வெந்நீர் தீர்ந்துவிடும். விளம்பரப் பாட்டி நடுங்கும் காட்சியை யாரும் படம் பிடிப்பதில்லை.

கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் கேளுங்கள். உள்பக்கம் திறப்பது என்றால், உள்ளே மயங்கிச் சாய்ந்தவரின் கால்களே கதவுக்குத் தடையாகிவிடும்.

நம்பிக்கை: சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் இது ஏற்றது.

உண்மை: வாசலில் சில அங்குல உயரப் படி இருக்கும். நாற்காலி உள்ளே போகாது. வெளிப்பக்கம் திறக்கும் கதவு இருந்து, கைகளில் வலுவும் இருந்தால் இருக்கைக்கு நகர்ந்து உட்காரலாம். மற்றவர்களுக்கு, தடுப்பே இல்லாத ஷவர் தளமும் குளியல் நாற்காலியும்தான் சரி. ஊன்றிக்கொண்டு நடப்பவர், ஆனால் சாதாரணத் தொட்டியின் விளிம்பைத் தாண்டக் காலைத் தூக்க முடியாதவர், மூட்டுவலிக்கு வெந்நீர் இதம் என்பவர்: கதவுத் தொட்டி இவருக்கானது. வாளித் தண்ணீரை மொண்டு ஊற்றியே வாழ்நாளெல்லாம் குளித்த நம் பெரியவர்களுக்கு நாற்காலியும் கை ஷவருமே பிடிக்கும் என்பது என் கணிப்பு.

நம்பிக்கை: முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பணம் கொடுக்கும்.

உண்மை: அடிப்படை மெடிகேர் இதை மருத்துவ உபகரணமாகக் கருதுவதில்லை. கனடாவில் 65 வயது நிறைந்தவர்களுக்கான வீட்டு மாற்றங்களுக்கு வரிச்சலுகை உண்டு. ஆனால் அது செலவின் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டும்.

நம்பிக்கை: எவ்வளவு சூடோ அவ்வளவு நல்லது.

உண்மை: நீரிழிவால் மரத்துப்போன பாதத்துக்குச் சூடு தெரியாது. 60 டிகிரி செல்சியஸ் நீர் சில நொடிகளில் தோலைப் புண்ணாக்கிவிடும். ஹீட்டரை 49 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். வெந்நீரில் ஊறியவர் சட்டென எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும்.

நம்பிக்கை: பிடித்துக்கொள்ளத் துண்டு மாட்டும் கம்பி போதும்.

உண்மை: அது துண்டின் எடைக்கு மட்டுமே. பொது இடங்களுக்கான அமெரிக்க விதிப்படி கைப்பிடிக் கம்பி 113 கிலோ விசையைத் தாங்க வேண்டும். தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும். வீட்டுக்கும் இந்த அளவையே வைத்துக்கொள்ளலாம். சுவருக்குள் இருக்கும் மரச்சட்டத்தில் திருகாணி இறங்காவிட்டால் கம்பி கையோடு வந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் தொட்டிதான் வேண்டும் என்றால், குளிக்கப்போகிறவரையே கடைக்கு அழைத்துப் போங்கள். உடையோடு உள்ளே உட்காரட்டும். கதவைச் சாத்தி, கால் மணி நேரம் கழித்து, அவராகவே எழுந்து வெளியே வருகிறாரா என்று பாருங்கள்.